குவாரிக்குள் கிடக்கும் கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எப்படி?

மலேசியாவில் கலும்பாங், கெர்லிங், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஓயாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: ஈயக்குட்டைப் பக்கம் போகக் கூடாது. ஈயலம்பக்காரர்கள், அதாவது ஈயச் சுரங்கக்காரர்கள், மண்ணைக் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. பள்ளங்களில் தண்ணீர் நிரம்பியது. தூண்டில் போடுகிறவர்கள் இன்றும் அவற்றின் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி விடுமுறையில் குளிக்கப் போய்க் கரையேறாத பையன்களைப் பற்றிய செய்தியும் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படி வளர்ந்தவரிடம், இங்கிலாந்தில் கல்லுடைத்த பள்ளம் ஒன்று இருக்கிறது, அதில் நிரம்பிய தண்ணீரில் காசு கட்டி இறங்கி, அடியில் கிடக்கும் கப்பலையும் விமான மூக்கையும் ஹெலிகாப்டரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று சொன்னால், “வேறு வேலை இல்லையா?” என்றுதான் கேட்பார். கேள்வி நியாயமானதே. பதிலுக்கு, அந்தப் பள்ளத்தில் எப்படி இறங்குகிறார்கள் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிடுகிறேன்.

இடத்தின் பெயர் ஸ்டோனி கோவ். லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி ஸ்டாண்டன், சாப்கோட் என்ற இரண்டு கிராமங்களுக்கு நடுவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து அங்கே கருங்கல் வெட்டினார்கள். நிலத்தடி ஊற்று எப்போதும் தொல்லை கொடுத்தது. பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வேலை நடந்தது. 1958-இல் கல் வெட்டுவது நின்றது, பம்பும் நின்றது. மீதியை ஊற்று பார்த்துக்கொண்டது. அறுபதுகளில் முக்குளிப்பாளர்கள் வந்து சேர்ந்தார்கள். வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில், அங்கே வேலை செய்யப் போன தொழில்முறை முக்குளிப்பாளர்களும் இந்தப் பள்ளத்தில் பயிற்சி எடுத்தார்கள்.

நம் ஈயக்குட்டையில் ஏன் இதைச் செய்ய முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஈயலம்பத்தில் வெட்டியது மணலும் களியும். கரை செங்குத்தாக நிற்கும், காலை வைத்தால் சரியும். அடியில் ஈயம் அலசிய சேறு ஆளை விழுங்கும் அளவுக்குப் படிந்திருக்கும். கையை நீட்டினால் விரல் தெரியாது. எலிச் சிறுநீரில் வரும் காய்ச்சல் வேறு. சரவாக்கின் பாவ் நகரத்துத் தாசேக் பீரு, தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி. பார்க்க நீலமாக, ஆசையாக இருக்கும், ஆனால் ஆர்சனிக் கலந்த தண்ணீர் என்பதால் குளிக்கக் கூடாது. கருங்கல் குவாரியின் கதை வேறு. சுவர் கல், தரை கல், தண்ணீர் ஊற்றுத் தண்ணீர். தமிழ்நாட்டில் 2017 வறட்சியில் மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்துக் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

கல்குவாரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. கல்லை ஒரே அடியாக வெட்ட மாட்டார்கள். தட்டுத் தட்டாக இறங்குவார்கள். ஸ்டோனி கோவில் அந்தத் தட்டுகள் சுமார் 7 மீட்டரிலும், 20 மீட்டரை ஒட்டியும், 35 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. கல்லுடைத்தவர்கள் தங்கள் வசதிக்காக வெட்டிய தட்டுகள், முக்குளிப்பில் புதியவர், பழகியவர், தேர்ந்தவர் என்று ஆளைப் பிரிக்கும் எல்லைகளாக அமைந்துவிட்டன. கடலில் “18 மீட்டருக்குக் கீழே போகாதே” என்றால் கருவியைப் பார்த்துப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இங்கே 7 மீட்டர் தட்டில் இருக்கும்வரை, விளிம்பைத் தாண்டினால் ஒழிய ஆழத்துக்குள் விழ வழியில்லை.

சரி, நாம் பார்க்க வேண்டியது ஸ்டேன்கார்த் என்ற இழுவைக் கப்பல். 1910-இல் கட்டியது. 2000 ஜூனில் இந்தப் பள்ளத்தில் மூழ்கடித்தார்கள். இரண்டாவது தட்டில், 20 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கிறது. அதனால் முதல் வேலை சான்றிதழ்.

அதைக் கலும்பாங்கிலிருந்தே தொடங்கலாம். வகுப்புப் பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் கோலாலம்பூரில் வார இறுதியில் முடியும். அதன்பிறகு கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். அதற்குப் பெர்ஹெந்தியான் தீவுக்கோ தியோமான் தீவுக்கோ போகலாம்; வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் மார்ச்சுக்குப் பிறகு நாள் குறியுங்கள். இளைப்பு, காது அறுவை சிகிச்சை, இதயக் கோளாறு ஏதேனும் இருந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அந்தப் படிவத்தில் பொய் சொல்கிறவர்கள் உண்டு. ஏமாற்றுவது பயிற்றுநரை என்று நினைத்துக்கொண்டு தங்கள் நுரையீரலையே ஏமாற்றுகிறார்கள்.

பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர்வரைதான் அனுமதிக்கும். ஸ்டேன்கார்த்துக்கு அது போதாது. அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் சான்றிதழ் 30 மீட்டர்வரை செல்லும். அதில் ஐந்து முக்குளிப்புகள். ஆழத்தில் இறங்குவதும் நீருக்கடியில் வழி கண்டுபிடிப்பதும் கட்டாயம், மற்ற மூன்று நம் விருப்பம். என் யோசனை, முதல் சான்றிதழை இங்கே வெதுவெதுப்பான கடலில் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை அந்தக் குவாரியிலேயே எடுப்பது. பயிற்சிப் பள்ளியும் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கும் கடையும் அங்கேயே இருக்கின்றன. விருப்பப் பாடத்தில் ஒன்றாக டிரைசூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று தண்ணீரில் கை வைத்தால் புரிந்துவிடும்.

குளிர் அப்படி. பெர்ஹெந்தியானில் தண்ணீர் 29, 30 பாகை இருக்கும். மெல்லிய 3 மில்லிமீட்டர் உடை போதும், சிலர் பனியனோடுகூட இறங்குவார்கள். ஸ்டோனி கோவில் குளிர்காலத்தில் நான்கைந்து பாகைக்கு இறங்கிவிடும். கோடையில் மேல்தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலும் ஆழத்தில் கடுங்குளிர்தான். டிரைசூட் என்பது தண்ணீரே உள்ளே புகாத முழு அங்கி. அதற்குள் தடித்த கம்பளி உள்ளாடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டைகள் இறுகப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும்.

அந்தக் கழுத்துப் பட்டையை மாட்டுவது ஒரு கலை. மோதிரம், கைக்கடிகாரம், தோடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பட்டையின் உள்பக்கம் வாசனை சேர்க்காத டால்கம் பவுடர் தடவுங்கள். இரண்டு கையையும் உள்ளே விட்டு விரல்நுனி படாமல் உள்ளங்கையால் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை நுழைக்க வேண்டும். நகம் பட்டால் கிழியும், கிழிந்தால் வாடகைக்கு விட்டவர் முகம் மாறும். தலை வெளியே வந்ததும் பட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு முடி அதற்கடியில் மாட்டியிருந்தாலும் அதன் வழியே தண்ணீர் கசிந்து முதுகில் இறங்கும். பால்மரக் காட்டில் பரம்பரையாகப் பால் வெட்டிய நமக்கு ரப்பர் பழகிய சங்கதி என்று பெயர். அது கழுத்தை நெரிக்கும்போது அந்தப் பழக்கம் உதவுவதில்லை.

உடையை மாட்டுவதற்கு முன்பே கணக்கை முடித்துவிட வேண்டும். உடைக்குள் புகுந்தபின் வியர்த்துக் கொட்டும், மூளை வேலை செய்யாது. கணக்கு இதுதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. நிதானமாக இருக்கும் ஆள் தரையில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் இழுப்பார். பத்து மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் மூன்று. ஆகவே அதே மூச்சுக்கு 60 லிட்டர் செலவாகும். காற்றை மூன்று பங்காக்கி, ஒன்றைப் போவதற்கும் ஒன்றைத் திரும்புவதற்கும் வைத்துக்கொண்டு, மூன்றாவதை உங்களுக்கோ துணைவருக்கோ வரும் ஆபத்துக்குத் தொடாமல் வைப்பது நல்ல பழக்கம். ஒரு பங்கு சுமார் 65 பார், 780 லிட்டர். 60-ஆல் வகுத்தால் பதின்மூன்று நிமிடம். குளிரிலும் பதற்றத்திலும் மூச்சு வேகமாக ஓடும் என்பதால் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டரில் முக்கால் மணி நேரம் இருக்கலாம் என்று அட்டவணை சொல்லும். அது ரத்தத்தில் நைட்ரஜன் சேர்வதற்கான கணக்கு. நம் காற்று அதற்கு நெடுநேரம் முன்பே தீர்ந்துவிடும். “135 பாரில் திரும்புகிறோம்” என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்து வரைபடம். எந்தப் பொருள் எந்தத் தட்டில், எந்தத் திசையில் என்று காட்டும் வரைபடம் அங்கே உண்டு. விக்கர்ஸ் வைக்கவுண்ட் பயணி விமானத்தின் மூக்குப் பகுதி, வெஸ்ஸெக்ஸ் ஹெலிகாப்டர், நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கி மாதிரி எல்லாம் அதில் குறித்திருக்கும். நீருக்கடியில் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், வேடிக்கைக்குப் போட்டது என்று தோன்றும். வேடிக்கையும் உண்டுதான். ஆனால் மங்கிய பச்சைத் தண்ணீரில் நாலைந்து மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத நாளில், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கல்லாக இருக்கும் பள்ளத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல அந்தப் பொருள்களை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. விமான மூக்கைக் கண்டால் ஆழமும் திசையும் கரைக்கு எவ்வளவு தூரம் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். வெறும் கல்பள்ளத்தில் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் மாணவனைத் திசைகாட்டியோடு எங்கே அனுப்புவார்? போய்ச் சேர ஓர் இடம் வேண்டும், போய்ச் சேர்ந்தோம் என்பதற்கு அங்கே ஒரு பொருள் வேண்டும். இந்தப் பொருள்களைத் தண்ணீரில் போட்டவர்கள் பள்ளத்துக்குத் தெருப்பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

சும்மா தூக்கியும் போடவில்லை. ஒரு கலத்தை முக்குளிப்புக்காக மூழ்கடிக்கும்போது எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, தொங்கும் கம்பி, கயிறு, கண்ணாடி, தானாகச் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு ஆகியவற்றை அகற்றிவிடுவார்கள். உள்ளே போனவர் வேறு பக்கமாக வெளியே வரவும் வெளிச்சம் உள்ளே விழவும் கலத்தின் உடம்பில் துளைகள் வெட்டுவார்கள். புயலில் மூழ்கிய கப்பலுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

இப்போது கருவியைப் பூட்டலாம். பிசிடி என்னும் காற்றடைக்கும் சட்டையின் பட்டையைச் சிலிண்டரில் இறுக்கி, சட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சிலிண்டர் வழுக்கக் கூடாது. வால்வின் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் வெடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டரைப் பூட்டி வால்வை மெல்லத் திறவுங்கள். பிறகு அழுத்தமானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் இரண்டு மூன்று முறை மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் தாழ்ந்து எழுந்தால் பாதிதான் திறந்திருக்கிறது. மேலே இது தெரியாது, 20 மீட்டரில் மூன்று மடங்கு காற்று கேட்கும்போது மூச்சு முட்டும். கடுங்குளிர் நாளில் இந்தச் சோதனையின்போது இழுத்த மூச்சை ரெகுலேட்டருக்குள் விடாதீர்கள், வாயிலிருந்து எடுத்துவிட்டு வெளியே விடுங்கள். நம் மூச்சிலுள்ள ஈரம் உள்ளே உறைந்துவிடும்.

உறைவது என்பது இங்கே சின்ன விஷயமில்லை. 200 பாரில் இருக்கும் காற்று சட்டென விரியும்போது பயங்கரமாகக் குளிர்கிறது. தண்ணீரும் குளிர்ந்திருந்தால் ரெகுலேட்டருக்குள் பனி பிடித்து, வால்வு திறந்தபடியே சிக்கி, காற்று கொப்பளித்துக் கொட்டத் தொடங்கும். தியோமானில் வாங்கிய ரெகுலேட்டரை ஆசையாகக் கொண்டு போகாதீர்கள்; பத்துப் பாகைக்குக் கீழுள்ள தண்ணீருக்கென்று செய்ததை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அப்படியும் கொப்பளித்தால் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. பாதி உதட்டைத் திறந்து, கொட்டுகிற காற்றில் வேண்டியதை மட்டும் உறிஞ்சியபடியோ துணைவரின் உபரி ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டோ நிதானமாக மேலே வர வேண்டும். பயிற்சியில் இதை நீச்சல்குளத்திலேயே செய்ய வைப்பார்கள்.

இறங்குவதற்கு முன் துணைவரை ஒருமுறை தலை முதல் கால்வரை தொட்டுப் பார்க்க வேண்டும்: சட்டையில் காற்று ஏறுகிறதா இறங்குகிறதா, எடைக் கட்டி எங்கே, எப்படி அவிழ்ப்பது, எந்தக் கொக்கி எங்கே, காற்று எவ்வளவு, உபரி ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இறங்குகிறவர்கள் இதைக் கண்சாடையில் முடித்துவிடுவார்கள். அவர்களைப் பார்த்துக் கற்காதீர்கள்.

சாடைகளையும் பேசிக்கொள்ளுங்கள். நம் ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் ‘நல்லா இருக்கு’. தண்ணீருக்குள் அதற்கு ‘மேலே போவோம், பயணம் முடிந்தது’ என்று பொருள். நலமாக இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்ட வேண்டும். தடித்த கையுறைக்குள் இரண்டு சாடையும் கிட்டத்தட்ட ஒன்று போலவே தெரியும் என்பதால் கையை முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுங்கள்.

தண்ணீருக்குள் இறங்கியதும் எடையைச் சரிபார்க்க வேண்டும். கடலில் பழகியவர் தடுமாறும் இடம் இதுதான். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது; அதிகம் தூக்கும். உடம்பும் கருவியும் சேர்ந்து 95 கிலோ என்றால், அதே உடையோடு குவாரியில் இறங்க இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் ஈயத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் உடை அதே உடை இல்லை. டிரைசூட்டுக்குள்ளும் கம்பளிக்குள்ளும் காற்று நிறைய தங்குவதால் கடலில் நாலைந்து கிலோவில் இறங்கியவருக்குக் குவாரியில் அதன் இரு மடங்கும் மேலும் தேவைப்படலாம். ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ரெகுலேட்டரை வாயில் வைத்து, உடையிலும் சட்டையிலும் உள்ள காற்றை விட்டுவிட்டு, சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். பிறகு இரண்டு கிலோ சேருங்கள். காற்றுக்கும் எடை உண்டு. முழுச் சிலிண்டரில் இருக்கும் 2,400 லிட்டர் ஏறத்தாழ மூன்று கிலோ. முக்கால்வாசியை மூச்சாக விட்டபின் இரண்டு கிலோ குறைந்து, கடைசியில் 5 மீட்டரில் நிற்க வேண்டிய நேரத்தில் தக்கை போல மேலே போய்விடுவீர்கள்.

எடைக்குக் கட்டும் அந்தக் கட்டிகள் ஈயம். கிந்தாவிலும் சிலாங்கூரிலும் தோண்டியது வெள்ளீயம், இது காரீயம், வேறு உலோகம்.

இறங்கும்போது காது. தலை அமிழ்ந்த முதல் அரை மீட்டரிலேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதத் தொடங்குங்கள். வலிக்கும்வரை காத்திருந்தால் குழாய் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். முக்கி ஊதிக் காதைப் பாழாக்கிக்கொண்டவர்கள் அநேகம். குளிர்நீர் முகத்தில் படும்போது நெற்றியில் சுருக்கென்று வலி வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மரத்துப் போகும். ஆழம் கூடக் கூட டிரைசூட் உடம்பை அழுத்திக் கவ்வும். நெஞ்சிலுள்ள பொத்தானைத் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடுங்கள். காற்றை அள்ளி விட்டு, கால் மேலாகவும் தலை கீழாகவும் கவிழ்ந்துவிட்டால் அந்தக் காற்று பாதத்தில் போய்க் குடியிருந்து உங்களைத் தலைகீழாகவே மேலே இழுக்கும். அதிலிருந்து குட்டிக்கரணம் அடித்து நிமிர்வதைத்தான் டிரைசூட் பாடத்தில் முதலில் கற்றுத்தருவார்கள்.

7 மீட்டர் தட்டில் சற்று நில்லுங்கள். எல்லோரும் உடனே ஆழத்துக்கு ஓடுவார்கள், ஓடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே சேறு மெல்லிய பொடியாகப் படிந்திருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் காலை உதைத்து உதைத்து அதைக் கிளப்பினால் பத்து மணிக்கே தண்ணீர் மோர் நிறமாகிவிடும், அதனால்தான் காலையில் கதவு திறந்ததும் இறங்குகிறவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கிறது. முழங்காலை மடக்கி, தவளை நீந்துவது போலப் பாதத்தைப் பின்னால் தள்ளி நீந்தப் பழகினால் சேறு எழாது. விளக்கைப் பொருத்திச் சுவரோரம் பார்த்தால் பெர்ச் மீன்கள் தெரியும். உடம்பில் கரும்பட்டை, துடுப்பு நல்ல சிவப்பு. விளக்கை அணைத்தால் அந்தச் சிவப்பு சாம்பலாகிவிடும். சிவப்பு வெளிச்சத்தைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே தின்றுவிடுகிறது. பைக் என்ற நீண்ட வாய் மீனும் உண்டு. அசையாமல் நின்று நம்மையே பார்க்கும். பயப்பட ஒன்றுமில்லை.

விளிம்புக்கு வந்ததும் மூன்று காரியம்: காற்று எவ்வளவு, துணைவருக்கு எவ்வளவு, திசைகாட்டியில் எந்தப் பாகை. மூன்றாவதை விளிம்பிலேயே செய்துவிட வேண்டும். கப்பல் இரும்பு, அதன் பக்கத்தில் போனால் திசைகாட்டியின் முள் கப்பலைப் பார்த்துத் திரும்பிப் பொய் சொல்லும். போகும் பாகையையும் திரும்பும் பாகையையும் கைப்பலகையில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு சுவரை ஒட்டி இறங்குங்கள்.

இரண்டாவது தட்டில் தரை தெரியத் தொடங்கும்போது வெளிச்சம் பாதிக்குமேல் குறைந்திருக்கும். கப்பல் முழுதாகத் தெரியாது. முதலில் பச்சையில் ஓர் இடம் மட்டும் கறுப்பாக இருக்கும், கிட்டே போகப் போக அது ஒரு சுவராகும், கையெட்டும் தூரத்தில்தான் ஆணி அடித்த இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சேற்றைத் தொடாமல் சுற்றி வாருங்கள். நூறாண்டு தாண்டிய கப்பல். பதினெட்டு மீட்டர்போல் நீளம். நீருக்குள் முகமூடிக் கண்ணாடி எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டுவதால் இன்னும் பெரிதாகத் தெரியும். பாதிச் சுற்றில் அழுத்தமானியைப் பாருங்கள். மேல்தளத்துக்கு ஏறித் திறந்த வாசல்கள் வழியே விளக்கை அடித்துப் பார்க்கலாம். உள்ளே போவதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, அது இல்லாதவர் தலையை நீட்டியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே போன ஒருவர் கிளப்பும் சேற்றில் வாசல் அரை நிமிடத்தில் மறைந்துவிடும். இத்தனை ஏற்பாடு உள்ள ஸ்டோனி கோவிலும் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. இடத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. குட்டை என்று அலட்சியமாக நினைப்பவருக்காகச் சொல்கிறேன்.

135 பார். திரும்புங்கள். கப்பலை இன்னும் பாதிதான் பார்த்திருந்தாலும் திரும்புங்கள். 2000-இலிருந்து அங்கேதான் கிடக்கிறது, எங்கேயும் போய்விடாது.

ஏறும்போது சுவரை ஒட்டியே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் வாருங்கள். இடது தோளிலுள்ள வால்வைத் திறந்து வைத்து, இடது முழங்கையை உயர்த்தினால் டிரைசூட்டில் விரியும் காற்று தானாக வெளியேறும். மூச்சை மட்டும் எந்த நேரத்திலும் அடக்கக் கூடாது. பத்து மீட்டரிலிருந்து மேலே வரும்போது காற்று இரண்டு மடங்காக விரிகிறது, நுரையீரலுக்குள் இருந்தாலும் அப்படித்தான். கடைசிப் பத்து மீட்டர்தான் மிக ஆபத்தானது என்பது இதனால். 7 மீட்டர் தட்டு வந்ததும் அதற்குச் சற்று மேலே, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கடலில் இந்த மூன்று நிமிடம் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி கழியும். இங்கே தட்டில் கிடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கலாம். குவாரியை நான் கடலைவிட விரும்புவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கரையில் உறுதியான படி காலுக்குக் கிடைக்கும்வரை முகமூடியையும் ரெகுலேட்டரையும் கழற்றாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு துடுப்புகளை முதலில் கழற்றுங்கள். கை மரத்திருக்கும், கொக்கியைத் துணைவரை அவிழ்க்கச் சொல்வதில் வெட்கமில்லை. மேலே வந்ததும் சூடாக ஏதாவது குடியுங்கள். இரண்டாவது முறை இறங்குவதற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், முதல் தடவையைவிட ஆழம் குறைவாகவே போங்கள். மூட்டில் வலி, விரல்களில் கூச்சம், தோலில் திட்டு, காரணமில்லாத களைப்பு என்று எது வந்தாலும் ‘குளிராக இருக்கும்’ என்று தள்ளிப் போடாமல் உடனே சொல்லி ஆக்சிஜன் வாங்குங்கள். இந்த அறிகுறிகளுக்கான அழுத்த அறை சிகிச்சைக்கு மலேசியாவில் லுமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். ஸ்டோனி கோவில் குவாரி அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

விமானக் கணக்கு முக்கியம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். ஞாயிறு மாலை குவாரியை விட்டு இரவு ஹீத்ரோவில் கோலாலம்பூர் விமானம் ஏறுவது நடக்காது. லெஸ்டரில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அந்த ஊரில் தோசைக்குப் பஞ்சமில்லை.

தங்கும் அந்த இரவில் இரண்டு வேலை. ஒன்று, சொந்தக் கருவிகளை நன்னீரில் அலசிக் காயப் போடுவது. பிரிட்டன் நீர்நிலைகளில் வெளிநாட்டு நண்டு, சிப்பி வகைகள் பரவித் தொல்லை தருகின்றன. ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். பார், கழுவு, உலர்த்து என்று அங்கே எங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பதிவுப் புத்தகம். கப்பலைப் பற்றி இரண்டு வரி போதும். எத்தனை கிலோ ஈயம், எந்த உள்ளாடை, எத்தனை லிட்டர் சிலிண்டர், தண்ணீர் எத்தனை பாகை, 135 பார் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். அடுத்த முறை எடை எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் திறப்பீர்கள்.